சொந்த வண்டி

என்னிடம் இருப்பது 2011 மாடல் ஹோண்டா சிஆர்-வி. 2.4 லிட்டர் பெட்ரோல். நான் மூணாவது ஓனர். வாங்கும்போது மனசுக்குள் ஒரு நியாயம் வைத்திருந்தேன்: புது வண்டிக்குப் புதுசாக இரும்பு உருக்கணும். நல்லா ஓடுகிற வண்டியை ஓட்டித் தீர்ப்பதுதானே அறம்?

போன மாதம் போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்குத் தனியாகப் போனேன். ஏற்றத்தில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. அதாவது கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 290 கிராம். ஐந்து பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 58. அன்று மொத்தமும் என் ஒருத்தன் கணக்கில்.

ஒரு வளைவில் சாமை மூட்டையோடு நின்ற பாட்டி கை காட்டினார். ‘சீட் அழுக்காகுமே’ என்று யோசித்த நொடியில் வண்டி அவரைத் தாண்டிவிட்டது. திருப்ப இடம் கிடைக்க இரண்டு கிலோமீட்டர் ஆனது. திரும்பி வந்தபோது அவர் அங்கே இல்லை.

பழசா புதுசா என்ற கேள்விக்கு என் பதில் இன்னும் மாறவில்லை. ஆனால் அது எனக்கு வசதியான கேள்வி. காலி சீட்டைப் பற்றி அது எதுவும் கேட்பதில்லை. தமிழில் உடைமையும் ‘சொந்தம்’தான், உறவும் ‘சொந்தம்’தான். நான் வண்டி வாங்கியபோது அதில் பாதியைத்தான் வாங்கியிருக்கிறேன்.