தங்கச்சியிட்டக் கேட்டீங்களோ?

பலசரக்குக் கடையை விட்டுக் காணி விற்றுக் கொடுக்கும் தொழிலுக்கு வந்தபோது, என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் வருமானத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு மூட்டை சீனியில் மிஞ்சுவது எங்கே, ஒரு பரப்புக் காணியின் தரகு எங்கே! என்னை அலைக்கழிக்கும் கேள்வி வேறு. சாமான் விற்ற மனதோடு காணியும் விற்கலாமா?

சீனி முடிந்தால் நாளை லொறியில் வரும். கீரிமலைக் காணி அப்படி வராது. 1990 யூனில், போர் மூண்டபோது, கீரிமலை உட்பட வலிகாமம் வடக்குச் சனம் உடுத்த துணியோடு வெளிக்கிட்டது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன நிலம் போர் முடிந்த பிறகுதான் துண்டு துண்டாக விடுபட்டது. சில துண்டுகள் இன்னும் விடுபடவில்லை. திரும்பிப் போனவர்களில் பலருக்கு வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. கிணற்றை வைத்துத்தான் வளவை அடையாளம் கண்டார்கள்.

பழைய உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். நான்கு எல்லை, பனை, வடலி, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் எல்லாம் வரிசையாக இருக்கும். இன்று கிழக்கு எல்லைக்காரர் ரொறன்ரோவில், கிணற்றுப் பங்காளி பாரிஸில்.

ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த, யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில், காணியை வெளியாருக்குக் கொடுக்குமுன் உரியவர்களுக்கு அறிவிக்கும் முறை இருந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டமும் பங்குக்காரருக்கும் உரித்தாளிகளுக்கும் அந்த முன்னுரிமையைக் காப்பாற்றியது. இது வியாபாரத்தை இழுத்தடிக்கிறது என்று தரகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ இந்தத் தொழிலுக்கு மரியாதை தருவதே இதுதான்.

ஆடி அமாவாசைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, கீரிமலையில் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் முடித்துவிட்டு, பின்னேரமே "அண்ணை, அப்பான்ர காணியைக் குடுக்க வேணும்" என்று வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் குறை இல்லை. பிள்ளைகள் இங்கே திரும்பப் போவதில்லை. பற்றை மண்டிக் கிடப்பதைவிட ஒரு குடும்பம் அடுப்பு மூட்டுவது நல்லதுதான். ஆனால் விலை பேசுமுன் நான் ஒன்று கேட்பேன்: "தங்கச்சியிட்டக் கேட்டீங்களோ?"

சிலர் கோபித்துக்கொண்டு வேறு தரகரிடம் போய்விடுவார்கள். ஒருவர் மட்டும் அன்றிரவே கேட்டிருக்கிறார். தங்கை மானிப்பாயில் வாடகை வீட்டில் இருந்தா. தவணை முறையில் தானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டா. எனக்குத் தரகு இல்லை. நொத்தாரிசிடம் இருவரையும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.