ஊர்ப் பணத்துக்கு உடையவர் யார்?



அயல்வீட்டுக் கோழி உங்கள் வளவுக்குள் வந்து முட்டையிட்டால், அதை எடுத்துக்கொள்ள உங்கள் மனம் இலேசில் இடங்கொடாது. கோழிக்குரியவளின் முகம் கண்முன் வந்து நிற்கும். ஊர்ச் சபையின் பணத்துக்கோ அப்படியொரு முகமில்லை. எல்லாருக்கும் உரியது எவருக்கும் உரியதன்று என்ற பொய்க்கணக்கு நம் எல்லாரிடமும் சற்று உண்டு.

அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலே டிக்சன் என்றொரு சிறுநகரம். அக்காலத்தில் சனத்தொகை ஏறக்குறைய 16,000. ஜனாதிபதியாயிருந்த றொனால்ட் றேகன் சிறுவயதில் வளர்ந்த ஊர். அங்கே நகரசபையின் நிதிப் பொறுப்பிலிருந்தவர் றீற்றா கிறண்ட்வெல் என்னும் பெண்மணி. 1990 டிசெம்பரில் நகரசபைக்குரியது போலத் தோன்றும் இரகசிய வங்கிக் கணக்கொன்றைத் திறந்தார். மாநில அரசுக்குச் செலுத்தவேண்டியது என்று போலிச் சிட்டைகள் எழுதிச் சபைப் பணத்தை அதற்குள் திருப்பினார். 2012 ஏப்ரலில் கைதாகும்வரை அவர் எடுத்த தொகை 5 கோடி 37 இலட்சம் டொலர்! அதிலே ஏறத்தாழ 400 உயர்சாதிக் குதிரைகள் வளர்ந்தன. தெருக்களோ திருத்தமின்றிக் கிடந்தன. ஊழியர்கள் சம்பள உயர்வின்றி இருந்தார்கள். கேட்டால், மாநில அரசின் பணம் வரத் தாமதம் என்பார். களவு கொடுத்தவர்களுக்கு முகம் இருக்கத்தான் செய்தது.

2013இல் அவருக்கு 19 ஆண்டு 7 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2021இல் வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார். 2024 டிசெம்பரில் ஜனாதிபதி பைடன் தண்டனையைக் குறைத்தார். அது ஒருபுறமிருக்க, என் மனதை உறுத்துவது வேறொன்று.

2013இல், நகரசபையின் கணக்குகளைப் பரிசோதித்தவர்களும் வங்கியும் சேர்ந்து 4 கோடி டொலர் கொடுக்க இணங்கினார்கள். அவர்கள் ஒரு சதமும் திருடியவர்களல்லர். பின் ஏன் கொடுக்கவேண்டும்? புனித தோமஸ் அக்குவினாஸ் இதற்கு என்றோ விடை எழுதிவிட்டார். எடுத்த கை மாத்திரமல்ல, தடுக்கவேண்டிய பதவியிலிருந்தும் தடுக்காதவனும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்பது அவர் போதனை.

இனி நம் பக்கம் வருவோம். சங்கக் கூட்டத்திலே ஆண்டறிக்கையோடு கணக்கும் வாசிக்கப்படும். ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். தேநீரை நினைத்துக்கொண்டு நாமும் கையுயர்த்துவோம். (நானும் உயர்த்தியிருக்கிறேன்.) "அவர் நல்ல மனுஷன், அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?" என்பது நமது தாட்சணியம். டிக்சன் மக்களும் அந்த அம்மையாரை அப்படித்தான் நம்பினார்கள்.

2011இல் அவர் நீண்ட லீவில் நின்றபோது, அவருடைய வேலையைப் பார்த்த நகரசபைச் செயலாளரான பெண், வங்கியிடம் சபையின் எல்லாக் கணக்குக் கூற்றுகளையும் கேட்டெடுத்தார். அவற்றுள் தாம் அறியாத கணக்கொன்றைக் கண்டு நகரபிதாவிடம் காட்டினார். விசாரணை இரகசியமாய் நடந்த அந்த ஆறு மாதமும், ஒன்றுமறியாதவர்போல் அவருடன் ஒரே கந்தோரில் வேலை செய்தார். இருபது வருடத்துக்கு மேல் மறைந்திருந்ததை அவர் கண்டுபிடித்தது, வழக்கமாய்க் கேட்காத ஒரு தாளைக் கேட்டதனால்தான்.