மனிதர் நீங்கிய நிலம்: ஓர் அறவியல் நோக்கு

மனிதர் அனைவரும் ஒரே நாளில் மறைந்துவிட்டால் உலகம் என்னவாகும் என்னும் வினா புனைகதைக்குரியது எனப் பொதுவாகக் கருதப்பட்டு வந்தது. அமெரிக்க இதழாளர் ஆலன் வைஸ்மன் இவ்வினாவைப் பொறியாளர், உயிரியலாளர் முதலியோரிடம் எழுப்பி, அவர்தம் விடைகளை 2007ஆம் ஆண்டில் நூலாக்கினார். அதன்பின் அது பொது உரையாடலுக்கும் உரியதாயிற்று. கூறப்படும் விடைகள் ஏறத்தாழ ஒரே போக்கின. நீரேற்றிகள் நின்றவுடன் நியூயார்க்கின் சுரங்க இருப்புப்பாதைகள் நீரில் மூழ்கும். சுவர்களின் விரிசல்களில் மரங்கள் வேர்விடும். சில நூற்றாண்டுகளில் நகரம் காடாகும். இவ்விடைகளைப் படிப்போர்க்கு ஒருவகை ஆறுதல் தோன்றுவது இயல்பு: நாம் நீங்கினால் எல்லாம் சீராகிவிடும். அவ்வாறுதல் அறத்தின்பாற்பட்டதுதானா என்பதே இக்கட்டுரையின் வினா.

மெய்யியலார் இதனை வேறு வடிவில் எழுப்பியுள்ளனர். ஜி.ஈ.மூர் 1903இல் வெளியிட்ட 'பிரின்சிபியா எத்திகா' என்னும் நூலில், காண்பார் எவருமற்ற இரண்டு உலகங்களைக் கருதிப் பார்க்குமாறு வேண்டினார். ஒன்று பேரழகு வாய்ந்தது, மற்றொன்று குப்பைக்குவியல். எவரும் என்றும் காணப்போவதில்லை எனினும் முன்னது இருத்தலே நன்று என்பது அவர் முடிபு. 1973இல் ரிச்சர்டு ரூட்லி 'கடைசி மனிதன்' என்னும் வாதத்தை முன்வைத்தார். பேரழிவிற்குப்பின் எஞ்சிய ஒருவன் தன்னால் இயன்றவரை எல்லா உயிர்களையும் அழித்துவிட்டு மடிகிறான். அவனால் துன்புற வேறு மனிதர் எவருமிலர். எனினும் அவன் செயல் தவறென்றே நம் உள்ளம் கூறுமாயின், மனிதரை மட்டுமே மையமாகக் கொண்ட அறம் குறையுடையது என்பது அவர் துணிபு.

இவ்விரு வாதங்களும் வலுவானவை. ஆயினும் மூரின் உலகில் மனிதன் பார்வையாளனாக இருக்க வேண்டியவன். ரூட்லியின் உலகில் அவன் அழிப்பவன். உழுபவனாக, மேய்ப்பவனாக, வாய்க்கால் வெட்டுபவனாக அவன் எங்கும் தோன்றவில்லை. பார்வையாளன் எழுந்து சென்றால் காட்சி மாறாது. நிலத்தில் வேலை செய்தவன் நீங்கினால் நிலமே மாறும்.

இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் கருப்பொருள் பட்டியல் ஒப்புநோக்கத்தக்கது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அது விரிகிறது. மரமும் பறவையும் ஒருபுறம், மனிதர்தம் செய்பொருள்கள் மறுபுறம் எனப் பிரிக்கப்படவில்லை. பறவைக்கு அடுத்துப் பறை நிற்கிறது. திணைக் கோட்பாடே சூழலியலின் முன்னோடி எனக் கொண்டாடும் போக்கு அண்மைக்காலத் தமிழாய்வில் மிகுந்துள்ளது. தொல்காப்பியர் வகுத்தது செய்யுளுக்கான இலக்கணமேயன்றி உயிரியல் அன்று; ஆதலின் அக்கொண்டாட்டத்தில் இக்கட்டுரையாளர்க்கு உடன்பாடில்லை. எனினும் நிலத்தைக் கூறப் புகுந்தவர்க்கு அங்கு நிகழும் தொழிலையும் சேர்த்தே கூறவேண்டியிருந்தது என்னும் அளவில் அப்பட்டியல் சான்றாகும்.

புறத்திணையில் கொற்றவள்ளை என்னும் துறை இன்னும் கூர்மையானது. வேந்தனின் வெற்றியைப் பாடும் புலவர், பகைவர் நாடு பாழ்பட்டதற்கு இரங்குவது அது. பதிற்றுப்பத்திலும் புறநானூற்றிலும் வயல்கள் முள்மரம் அடர்வதும், மன்றங்களில் காட்டு விலங்குகள் உறைவதும் காட்டப்படுகின்றன. இன்றைய நூல்கள் 'இயற்கை மீள்கிறது' என்று வருணிக்கும் காட்சியும் இதுவே. அங்கோ அது இரங்கத்தக்க அழிவு. வேறுபாடு காட்சியில் இல்லை. நிலத்தை விட்டு நீங்கியோர் யாவர், ஏன் நீங்கினர் என்னும் வினாவைப் புலவர் மறக்கவில்லை என்பதில் உள்ளது.

அவ்வினாவை மறந்தால் என்ன நிகழும் என்பதற்கு இராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளலாம். பறவைகளால் உலகப்புகழ் பெற்ற அந்நீர்நிலம் 'தூய இயற்கை' அன்று. 18ஆம் நூற்றாண்டில் மன்னர் சூரஜ் மல் கட்டிய அஜான் அணையின் நீர் தாழ்நிலத்தில் பரவியதால் உருவானது அது. பின்னர் மன்னர்கள் வாத்து வேட்டைக்கென மதகுகளும் கரைகளும் அமைத்தனர். 1938இல் வைசிராய் லின்லித்கோ கலந்துகொண்ட ஒரே நாள் வேட்டையில் நான்காயிரத்திற்கும் மேற்பட்ட பறவைகள் சுடப்பட்டன. அதே நிலத்தில் சுற்றுப்புற ஊர்களின் எருமைகள் தலைமுறைகளாக மேய்ந்து வந்தன.

1982இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டதும் மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த ஊர்மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் உயிரிழப்பு நேர்ந்தது. எருமைகள் நீங்கினால் பறவைகள் செழிக்கும் என்பது எதிர்பார்ப்பு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் மேற்கொண்ட நீண்டகால ஆய்வு மாறான முடிவைத் தந்தது. எருமைகள் தின்று கட்டுக்குள் வைத்திருந்த பாஸ்பாலம் என்னும் புல் ஆழமற்ற நீர்ப்பரப்புகளை மூடியது. திறந்த நீரை நாடும் பறவைகளுக்கு இடம் குறைந்தது. பின்னர் அப்புல்லை அறுத்துச்செல்ல ஊர்மக்களுக்கே இசைவு வழங்க வேண்டியதாயிற்று.

பரத்பூர் மனிதர் ஆக்கிய நிலம், ஆதலால் அது மனிதரை வேண்டுவதில் வியப்பில்லை. எல்லா இடமும் அவ்வாறன்று எனத் தடை எழுப்பலாம். அத்தடை ஏற்கத்தக்கதே. இரு உலகப்போர்க் காலங்களிலும் மீன்பிடிப்பு தடைபட்டபோது வட கடலில் மீன்வளம் பெருகியது பதிவாகியுள்ளது. மனிதர் நீங்கினால் கடல் நலம்பெறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 'மனிதர் அற்ற இயற்கை' என்னும் கருத்து கொள்கையாகும்போது மனிதகுலம் முழுவதும் மறைவதில்லை. மறையுமாறு பணிக்கப்படுவோர் எருமை மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், வனவாசிகள். பூங்காவிற்கு நுழைவுச்சீட்டு வாங்கி வருவோர் மறைவதில்லை. 'மனிதர்' என்னும் பொதுச்சொல் இங்கு யாரைச் சுட்டுகிறது, யாரை மறைக்கிறது என்பதைக் கேளாமல் அவ்வினாவிற்கு விடை கூறுவது பொருந்தாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மரபுவழி வனவாசிகளுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முகவுரையிலேயே ஏற்றுக்கொண்டமை இங்கு நினையத்தக்கது.

எல்லாரும் உண்மையிலேயே மறைவதாகக் கொள்ளினும் சிக்கல் தீர்வதில்லை. 2018இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி உலகப் பாலூட்டிகளின் உயிர்ப்பொருளில் கால்நடைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு, மனிதர் 36 விழுக்காடு, காட்டு விலங்குகள் 4 விழுக்காடு. நம்முடன் வாழும் இப்பெருந்தொகை உயிர்கள் எங்குச் செல்லும்? பசுவின் காட்டு மூதாதையான அவுராக்ஸ் 1627இல் போலந்தில் அற்றுப்போயிற்று. அம்மூதாதையை அழித்தோர் நாமே. பட்டுப்பூச்சி பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. மக்காச்சோளத்தின் மணிகள் கதிரிலிருந்து தாமாக உதிர்வதில்லை. உரித்து விதைக்கக் கை வேண்டும். நம் தேவைக்கேற்ப உருமாற்றியபின் அவற்றை விட்டு நீங்குதல் துறவு ஆகாது, கைவிடுதல் ஆகும். கடன்பட்டவன் ஊரைவிட்டுச் சென்றால் கடன் தீர்ந்ததாக எந்த வழக்கும் கொள்வதில்லை.

மனிதர் நீங்கியதால் இயற்கை மீண்டதற்குப் பெரிதும் காட்டப்படும் சான்று செர்னோபில். 1986 ஏப்ரல் 26இல் நேர்ந்த விபத்தையடுத்து அவ்வாண்டில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். இன்று அங்கு ஓநாய்களும் கடமான்களும் வாழ்கின்றன. 1990களின் இறுதியில் விடப்பட்ட பிரெஸ்வால்ஸ்கி குதிரைகள் பெருகியுள்ளன. இவை உண்மை. ஆனால் அப்பகுதி மனிதர் அற்றதன்று. உலைகளின் மின்னாக்கம் 2000இல் முற்றிலும் நின்ற பின்னரும் பணியாளர்கள் முறைவைத்து அங்குச் சென்றுகொண்டே இருக்கின்றனர். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் அந்நிலையத்தைக் கைப்பற்றியபோது, பணியிலிருந்தோர் மாற்றாள் இன்றி வாரக்கணக்கில் அங்கேயே தங்கிக் கருவிகளைக் கண்காணித்தனர். சிதைந்த உலையின்மீது 2016இல் நகர்த்தி நிறுத்தப்பட்ட எஃகு வளைவின் திட்டமிட்ட ஆயுள் 100 ஆண்டுகள். 2025 பிப்ரவரியில் ஆளில்லா வானூர்தி ஒன்று மோதி அதில் ஓட்டையிட்டது. தீயை அணைக்கவும் சேதத்தை அளவிடவும் மனிதரே மேலேற வேண்டியிருந்தது. அவ்வளைவின் கீழுள்ள புளூட்டோனியம்-239இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள்.