குட்டி வாங்குமுன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சிக்கோட்டை வருகிறது. ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், குதிரை லாயங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளவயதிலேயே மாண்ட தேசிங்குராஜன், யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கினான் என்ற கதையைக் கேட்டு வளர்ந்த மண் இது. குதிரை என்றாலே அடக்குவது என்ற எண்ணம் அந்தக் கதையோடு சேர்ந்து நமக்குள் ஊறிவிட்டது. டிரெஸ்ஸாஜ் என்ற குதிரை நடைக் கலைக்கென்று வார்ம்பிளட் என்ற ஐரோப்பிய இனக் குட்டி வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் அந்த எண்ணத்தை இறக்கிவைக்க வேண்டும்.

ஆசை வருவதில் தவறே இல்லை. 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா ஆகிய நால்வரும் டிரெஸ்ஸாஜ் அணிப் போட்டியில் தங்கம் வென்றார்கள். குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 1982க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. அடுத்த ஆண்டு அனுஷ் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சவாரி செய்தார். வெற்றி நம் கண்ணில் பட்டது. அதற்குமுன் அவர் பதின்வயதிலேயே வீட்டை விட்டு ஜெர்மனி போய், ஹூபெர்டுஸ் ஷ்மிட் என்ற ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டது படவில்லை. குதிரை தளராமல், பதறாமல், கடிவாளத்தின் சிறு தொடுகைக்கே இசைந்து நடப்பதுதான் இந்தக் கலை. மிரட்டி ஒரு குதிரையை ஓடவைக்கலாம். அப்படி நடக்கவைக்க முடியாது.

சந்தையில் காட்டப்படும் குட்டிக்கு மூன்று வயது இருக்கும். உயரமும் மினுமினுப்பும் பார்த்தால் முழுக்குதிரை போலவே தெரியும். ஆனால் உள்ளே எலும்பு முதிர்ந்திருக்காது. கால் எலும்புகளின் வளர்ச்சித் தகடுகள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும். கடைசியில் மூடுவது முதுகெலும்பு, அதற்கு ஐந்தரை, ஆறு வயதாகிவிடும். நாம் ஏறி உட்காருவது அந்த முதுகில்தான். வார்ம்பிளட் பெரிய உடம்புக்காரக் குதிரை, முதிர்வதும் மெதுவாகத்தான். டிரெஸ்ஸாஜின் உயர்நிலையான சர்வதேச கிராண்ட் பிரி போட்டிக்குக் குதிரைக்கு எட்டு வயதாவது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பதை இந்த உடற்கூற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வயதில் வாங்கி நாலரை வயதில் பதக்கம் கேட்பவர், குதிரையின் பிற்காலத்தை முன்கூட்டியே செலவழிக்கிறார்.

அவசரத்தின் விலை முதலில் முதுகில்தான் தெரியும். சேணத்தை இறக்கியதும் முதுகுத்தண்டின் இருபக்கமும் விரல்நுனியால் மெல்ல அழுத்தியபடி வால் வரை போய்ப் பாருங்கள். நலமாக இருக்கும் குதிரை கொஞ்சம் அசைந்து கொடுத்துவிட்டு நிற்கும். வலி இருந்தால் தோல் வெடுக்கென்று துடிக்கும், முதுகு கீழே குழியும், காதுகள் பின்னால் படியும். மறுநாள் சேணத்தைக் கையில் எடுத்தாலே அது பல்லைக் காட்டும். இதற்குத் திமிர் என்று பெயர் வைத்துச் சாட்டையை எடுப்பவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது. குதிரை வலியில் குரலெடுத்துக் கத்துகிற பிராணி அல்ல. அந்தத் துடிப்பைத் தவிர அதற்கு முறையிட வேறு வழியில்லை.

கடல்கடந்து வந்த குதிரையைப் பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்ட பழியும் நமக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதிவைத்திருக்கிறார். ஹோர்முஸ் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொன் விலைக்கு வந்து இறங்கின. ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சவில்லை என்கிறார். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் இங்கே ஆளில்லை. தீனியாகச் சோறும் இறைச்சியும் கொடுத்தார்களாம். குதிரை செத்தால்தான் அடுத்த கப்பலுக்கு விற்பனை என்பதால், விற்ற வணிகர்கள் லாடக்காரர் யாரும் இந்தப் பக்கம் வராதபடி பார்த்துக்கொண்டார்களாம். பொன் இருந்தது, அறிவு இல்லை, செத்தவை குதிரைகள்.

செஞ்சி இருக்கும் இந்த விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர வெக்கை குளிர்நாட்டில் பிறந்த குதிரைக்குக் கடும் சோதனை. அறுநூறு கிலோ உடம்பின் சூட்டை அது வியர்த்துத்தான் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை உலராது. சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுபோகும். அப்படிப்பட்ட குதிரையைப் பத்து மணி வெயிலில் வேலை வாங்கினால் உயிருக்கே ஆபத்து. உண்ணி கடிக்கும், குதிரை ஈ சர்ரா நோயைப் பரப்பும். இங்கே குதிரை வளர்க்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆரோவில் பகுதியில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி நடக்கிறது. கற்க விரும்புகிறவர் ஐரோப்பா வரை போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் வெயிலுக்குப் பழகியவை. அடிப்படைப் பாடங்களுக்கு அவையே போதும் என்பது என் எண்ணம்.

யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று கேட்போம். குதிரைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். அது இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழும். போட்டியில் நிற்பது அதில் பாதிகூட இல்லை. பந்தயத்தில் ஓய்ந்த குதிரைகள் கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் கைமாறிப் போய் விலா தெரிய நிற்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இருபதாவது வயதில் இந்தக் குதிரை யார் வீட்டில் நிற்கும், புல்லுக்கும் லாடத்துக்கும் யார் பணம் கொடுப்பார் என்ற கேள்விக்கு இன்றே பதில் இல்லாவிட்டால், வாங்கும் தகுதி நமக்கு இன்னும் வரவில்லை.

ஆசை உண்மையானதென்றால் சித்திரையும் வைகாசியும் ஒரு லாயத்தில் வேலை செய்யட்டும். விடியுமுன் தண்ணீர் காட்டி, சாணம் அள்ளி, குளம்பின் அடியில் ஒட்டிய மண்ணைக் கொக்கியால் சுரண்டி, லாடக்காரர் வரும் நாளில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். நன்றாகப் பழகிய வயதான குதிரையின் மேல் ஏறி, தன் உடம்பு எங்கே ஆடுகிறது, கை எங்கே இறுகுகிறது என்று அதனிடம் கற்கட்டும். கற்காத ஆளும் கற்காத குட்டியும் சேர்ந்தால் இரண்டுக்கும் காயம்தான். அதற்குப் பிறகு, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு குதிரை மருத்துவரைக் கூட்டிக்கொண்டு குட்டி பார்க்கப் போகலாம். கெட்டித் தரையில் பெருநடை விட்டுப் பார்க்க வேண்டும். மூட்டை மடக்கிப் பிடித்திருந்து விட்டவுடன் ஓடச்செய்து, நொண்டல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். கால்களையும் முதுகையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எக்ஸ்ரேவுக்கு விற்பவர் சாக்குச் சொன்னால், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் முன்பணம் கொடுக்காமல் திரும்பிவிட வேண்டும்.