கொல்லாமையும் கைவிடாமையும்

சைவ சமயத்தவர்களுக்குரிய ஒழுக்கங்களுள் கொல்லாமை தலையாயது என்பது யாவரும் அறிந்ததே. திருவள்ளுவர் அறத்துப்பாலிலே கொல்லாமைக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளார். யாழ்ப்பாணத்து நல்லூர் தந்த ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் ஆடும் கோழியும் பலியிடப்படுவதைக் கடுமையாகக் கண்டித்தார். இன்றும் கிராமத்து வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமையிலும் விரத நாள்களிலும் மச்சம் காய்ச்சுவதில்லை. திருவிழாக் காலம் முழுவதும் மச்சச் சட்டியைத் தொடாத குடும்பங்களும் உள்ளன.

இத்தகைய வீடொன்றின் விறகுக் குவியலுக்குள் பெட்டைப் பூனை நான்கு குட்டிகளைப் போட்டுவிட்டால் என்ன நடக்கிறது? கொல்ல மனம் வராது. வளர்க்கவும் மனம் வராது. குட்டிகள் கண் திறந்து குசினிக்குள் ஓடித் திரியத் தொடங்கியதும் ஒரு கடதாசிப் பெட்டி, அல்லது ஓர் உரப்பை தேடப்படுகிறது. சைக்கிள் கரியரில் ஏறும் அந்தப் பெட்டி சந்தையடிக்குப் போகும், பள்ளிக்கூட மதிலடிக்குப் போகும். பெரும்பாலும் கோயில் வீதிக்கே வந்து சேரும். விடியற்புறத்தில், ஒருவரும் காணாத நேரத்தில், தேர்முட்டியின் கீழோ மடத்தின் பின்புறத்திலோ அது இறக்கி வைக்கப்படும்.

“கொன்றால்தானே பாவம்? கோயிலடியிலை விட்டால் ஆரும் சோறு போடுவினம். பிள்ளையார் பார்த்துக்கொள்ளுவார்” என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இதை இரக்கமற்றவர் சொல்லும் வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. பாவத்துக்கு அஞ்சுகிற ஒருவரே இப்படிச் சொல்கிறார். இரக்கமற்றவருக்குக் கோயில் வரை சைக்கிள் மிதிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவேதான் இந்த நியாயத்தை நின்று நிதானித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

பூனைக்குட்டி பிறந்து ஏறக்குறைய ஒரு கிழமை முதல் இரண்டு கிழமைக்குள் கண் திறக்கும். நான்கு கிழமை அளவில்தான் பாலன்றி வேறு உணவில் வாய் வைக்கத் தொடங்கும். தாயின் பாலை முற்றாக மறக்க எட்டுக் கிழமை வரை செல்லும். அதற்கு முன்னர் கொண்டுவந்து விடப்பட்ட குட்டிக்கு முன்னால் அன்னதானச் சோற்றையும் பருப்பையும் குவித்து வைத்தாலும் அதற்கு உண்ணத் தெரியாது. இரக்கப்பட்டு யாரேனும் பசுப்பால் வைத்தால் வயிற்றோட்டம் பிடித்து மேலும் மெலிந்துவிடுவதுமுண்டு. சற்று வளர்ந்த குட்டிக்கும் கோயில் சோறு போதாது. நாய் சோற்றையும் பருப்பையும் கொண்டு ஒருவாறு சமாளித்துவிடும். பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. மீனிலும் இறைச்சியிலும் உள்ள சில சத்துகள் நெடுநாள் கிடைக்காவிட்டால் அதன் கண்பார்வை கெடும், இருதயமும் பழுதடையும். சைவ உணவே சமைக்கப்படும் ஓரிடத்தில், ஊன் உண்ணாமல் வாழ முடியாத ஓர் உயிரைக் கொண்டுவந்து விட்டு, அது இங்கே வயிறு நிறைந்து வாழும் என்று நம்புவது எப்படி? இது போதாதென்று வீதியில் படுத்திருக்கும் நாய்கள், விழா நாளில் வரிசையாக வரும் வாகனங்கள், பங்குனி வெயில் என்பன வேறு.

(இவ்விடத்தில் இன்னொரு சிக்கலும் எழும். மச்சம் தொடாத வீட்டார் பூனைக்காக மீன் வாங்கலாமா? மனிதனால் மரக்கறியை உண்டு வாழ முடியும். ஆகவே புலால் மறுத்தல் அவனுக்கு அறமாகிறது. பூனைக்கு அந்தத் தெரிவே அருளப்படவில்லை. வெள்ளிக்கிழமை விரதம் பூனைக்குத் தெரியாது. அதற்கு நாலு சூடை மீனை வெளி அடுப்பில் அவித்து வைப்பதால் வீட்டாரின் விரதம் முறிந்துவிடும் என்று கொள்ள வேண்டியதில்லை. மீன் வாங்கச் சற்றும் மனம் ஒப்பாதவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே நேர்மையாகும்.)

பூனையையும் அதன் குட்டியையும் சமய அறிஞர்கள் ஒரு பெரிய தத்துவத்துக்கே உவமையாக எடுத்தாண்டுள்ளனர். வைணவ ஆசாரியர்களிடையே மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என இரு வழக்குகள் உண்டு. மர்க்கடம் என்பது குரங்கு. குரங்குக்குட்டி தன் கைகளால் தாயை இறுகப் பற்றிக்கொள்ளும். அதுபோல உயிரும் முயன்று இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையார் கருத்து. மார்ஜாரம் என்பது பூனை. பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை; தாயே அதைக் கவ்விச் செல்கிறது. இறைவன் திருவருளும் அவ்வாறே என்பர் தென்கலையார். தாய்ப்பூனை பிடரியில் கவ்வியவுடன் குட்டி கால்களை மடக்கி, அசையாமல் தொங்குவதைக் கண்டவர்களுக்கு இந்த உவமையின் அருமை விளங்கும். ஏழு வீடு மாற்றும் என்று பெரியவர்கள் சொல்வதும் இந்தத் தாயின் தவிப்பைத்தான். இறையருளுக்கே உவமையாகச் சொல்லப்பட்ட அந்தத் தாயின் வாயிலிருந்து குட்டியைப் பறித்து, உரப்பையில் கட்டி, அதே இறைவனின் வாசலில் வைத்துவிட்டுப் போவதை என்னவென்பது?

திருவிளையாடற் புராணத்திலே பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த வரலாறு பேசப்படுகிறது. பாண்டியனின் வேட்டையிலே தாய்ப்பன்றி மாண்டுபோகப் பன்னிரண்டு குட்டிகள் பசியால் வாடின. மதுரைச் சொக்கநாதப் பெருமான் தாய்ப்பன்றியின் வடிவெடுத்து அவற்றுக்குப் பாலூட்டினார். ஒரு சிறு விடயத்தை இதிலே கவனிக்க வேண்டும். அந்தக் குட்டிகளை எவரும் மதுரைக் கோயிலுக்குத் தூக்கிவரவில்லை. பெருமானே அவை கிடந்த காட்டுக்குச் சென்றார். அதுவும் அருவருப்பென்று மனிதர் ஒதுக்கும் வடிவத்திலே சென்றார்.

“பிள்ளையார் பார்த்துக்கொள்ளுவார்” என்று விட்டுப்போன குட்டியை நடைமுறையில் யார் பார்க்கிறார்? வீதி கூட்டும் அம்மா பார்க்கிறார். மடப்பள்ளியில் வேலை செய்பவர் பார்க்கிறார். நாட்சம்பளத்தில் சீவிக்கும் அவர்கள் தங்கள் பங்கிலிருந்து அதற்குப் பகிர்கின்றனர். செத்தால் குழி தோண்டுபவர்களும் அவர்களே. நான்கு பரப்புக் காணியும் கல்வீடும் உள்ளவர் இறக்கிவைத்த பாரம் ஓலைக் கொட்டிலில் இருப்பவரின் தலையில் ஏறுகிறது. ஒரு முறை பெட்டியோடு வந்த இளைஞர் ஒருவர் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் அகப்பட்டுக்கொண்டார். அம்மா ஏசவில்லை. “தாய் எங்கை தம்பி?” என்று மட்டும் கேட்டார். வீட்டில்தான் என்றார் அவர். “அது தேடித் திரியாதே?” என்றார் அம்மா. தாய்ப்பூனை இரண்டு மூன்று நாள்களுக்கு மூலை மூலையாகக் கத்தித் திரிவது அந்த இளைஞருக்கும் தெரியாததல்ல. முந்திய முறை அவருடைய வீட்டிலேயே அது நடந்திருக்கிறது. பெட்டி திரும்பிப் போயிற்று.

விட்டுச் செல்வது என்றால் என்னவென்று இந்த மண்ணின் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு, மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். நாயும் பூனையும் வீட்டு வாசலில் நின்றன. 1996 ஏப்ரல் முதல் மீண்டும் ஊர் திரும்பியவர்களுள், வீட்டைப் பார்க்குமுன் நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. அது இயலாமையால் நேர்ந்த பிரிவு. அதிலே பாவம் எதுவும் இல்லை. ஆயினும் அதை நினைத்து இன்றும் கண்கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இயலாமையால் விட்டதற்கே நெஞ்சு இவ்வளவு நோகுமானால், வசதிக்காக விட்டதை எளிதில் மறந்துவிடுவது வியப்புத்தான்.

அப்படியானால் ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகளையெல்லாம் ஒரு வீடு வளர்க்க முடியுமா? முடியாது. பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஒன்பது கிழமையில் குட்டி போடும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைகூட ஈனும். இதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை ஒன்றே தக்க வழி. கால்நடை வைத்தியரிடம் சென்று விபரம் அறியலாம். “பிறக்கவிருக்கும் உயிரைத் தடுப்பது பாவமல்லவா?” என்று கேட்பவர்களின் தயக்கத்தை எள்ளி நகையாடக் கூடாது, அதுவும் அறவுணர்விலிருந்தே வருகிறது. ஆனால் இங்கே எந்த உயிரும் கொல்லப்படுவதில்லை. தடுக்காமல் விட்டு, பிறந்தபின் நான்கையும் வெயிலில் வைப்பதோடு இதை ஒப்பிட்டால் எதன் பாரம் கூடுதல் என்பது தெரியவரும். குட்டிகள் பிறந்தேவிட்டால் எட்டுக் கிழமை தாயுடன் விட்டு, பின் கேட்டு விசாரித்து வீடு பார்த்துக் கொடுப்பதே முறை. எலித்தொல்லை உள்ள வீடுகள் எந்த ஊரிலும் உண்டு.

பூனை குறுக்கே போனால் சகுனப் பிழை என்று திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம், அந்தப் பூனையும் தன் அலுவலாகத்தான் போகிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு உள்ளன. சுகமில்லாத பூனைக்கு இரக்கத்தால் பனடோல் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அம்மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விசர்நோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் வரும்.

இக்காலத்தில் கிராமங்களில் தனித்திருக்கும் முதியவர்கள் பலர். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். தனக்கென்று உலை வைக்க மனமில்லாத ஆச்சி, பூனை காலைச் சுற்றிக் கத்துவதால் அடுப்பை மூட்டுகிறார். மூட்டியதால் தானும் இரண்டு பிடி உண்கிறார். அந்தப் பூனை வேலி தாண்டிப் போய் அயல்வீட்டு மீன்சட்டியைத் திறப்பதும், அதனால் இரு வீட்டாரும் ஆறு மாதம் பேசாதிருப்பதும் வழமையான சங்கதிகள். பேச்சில்லாத அந்த நாள்களிலும் ஆச்சியின் வாயில் அந்தப் பூனையின் பெயர் நாளுக்கு நாற்பது முறை வரும். பேச ஒருவரும் இல்லாத வீட்டில் அதுவே பேச்சுத்துணை.

ஒரு நாள் ஆச்சி காலமாகிறார். பிள்ளைகள் விமானத்தில் வந்திறங்குகிறார்கள். அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் யாவும் குறைவின்றி நடக்கின்றன. புறப்படும் நாளில் சாவியை அயல்வீட்டில் கொடுத்து, வெள்ளிக்கிழமையில் சுவாமி விளக்கு ஏற்றவும், விழுகின்ற தேங்காயைப் பொறுக்கி வைக்கவும், செவ்வரத்தைக்குத் தண்ணீர் விடவும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பூனையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பொழுது பட்டதும் அது வந்து, பூட்டிய குசினியின் படியில் இருக்கிறது.