பொழுது சாய்ந்தால் நான்கு ஆண்டு கூடுதல்

காரை மறித்து, கத்தியைக் காட்டி, ஓட்டியவரை இறக்கிவிட்டு வண்டியோடு போய்விட்டார்கள் என்று எங்கிருந்தாவது செய்தி வந்தால் போதும், மதுரை விளாங்குடி டீக்கடையில் தீர்ப்பு தயார். "அரபு நாட்டுல மாதிரி கைய வெட்டணும்ணே." கொஞ்சம் படித்தவர் அதையே நாசூக்காகச் சொல்வார்: "இதுக்குன்னு தனிச் சட்டம் போடணும் சார், கடுமையா." இரண்டும் ஒரே வேண்டுதல்தான். சாமிக்குப் பதில் சட்டமன்றம்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? ஆளை மிரட்டிப் பொருளைப் பறித்தால் வழிப்பறி. பத்தாண்டு வரை கடுங்காவல் என்றது 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 309ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. ஐந்து பேர் சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. ஆயுள் தண்டனை வரை போகும். மிரட்டிப் பறித்தது காரா, கைப்பையா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை. ஆனால் மணி என்ன என்று கேட்கிறது. நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து மறுபடி உதிப்பதற்குள் நடந்தால் பத்து ஆண்டு பதினான்கு வரை நீளலாம்.

மாட்டுவண்டிக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்திருக்கும். கும்மிருட்டு, கூப்பிட்டால் கேட்க நாதியில்லை. இன்று திண்டுக்கல் சாலையில், பாத்திமா கல்லூரிப் பக்கம் ராத்திரி எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். பரோட்டாக் கல் சத்தம், பஸ் ஹாரன், ஷேர் ஆட்டோக்காரர் கூவல், நிற்கக்கூட இடமில்லை. சித்திரை மாத உச்சிவெயிலில் ஒரு கண்மாய்க்கரைப் பாதையில் உங்கள் கழுத்தில் கத்தி வைத்தாலோ காக்காய்கூட எட்டிப் பார்க்காது. முன்னதற்கு 14 வரை, பின்னதற்கு 10 வரை. சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ராகுகாலம் உட்கார்ந்திருக்கிறது. 2023இல் புத்தகத்தையே மாற்றி எழுதினார்கள். அதை மட்டும் எழுப்பிவிட யாருக்கும் தோன்றவில்லை.

கார்ப் பறிப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்த நாடு அமெரிக்கா. 1992 செப்டம்பரில் மேரிலாந்தில், இந்திய வம்சாவளி வேதியியல் ஆய்வாளர் ஒருவர் மகளைக் காரில் அழைத்துப் போகையில் இருவர் வண்டியைப் பறித்தார்கள். சீட் பெல்ட்டில் சிக்கிய தாய் சாலையில் இழுபட்டே செத்தார். இருக்கையோடு வெளியே வீசப்பட்ட குழந்தை பிழைத்தது. நாடு கொதித்தது, அடுத்த மாதமே கூட்டாட்சிச் சட்டம் கையெழுத்தானது. பறித்தால் 15 ஆண்டு வரை, பலத்த காயமானால் 25, உயிர் போனால் ஆயுள். 1994இல் மரண தண்டனையும் சேர்ந்துகொண்டது. லூசியானா மாநிலம் 1997இல், பறிக்க வருபவனைச் சுட்டுக் கொல்லவே ஓட்டுநருக்கு உரிமை கொடுத்தது. அந்தத் தாயைக் கொன்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது, ஏற்கெனவே இருந்த மாநிலக் கொலைச் சட்டத்தின்படி.

இவ்வளவு எழுதி வைத்த பிறகும், 2020க்குப் பின் சிகாகோவிலும் வாஷிங்டனிலும் கார்ப் பறிப்பு பெருகியது. பிடிபட்டவர்களில் நிறையப் பேர் பதின்வயதுப் பையன்கள். அவர்கள் பிரிவு எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டா கிளம்பினார்கள்? தண்டனையின் கொடுமை அல்ல, தப்ப முடியாது என்ற நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார். நமக்கு இன்னும் விளங்கவில்லை.

நம் நாட்டிலேயே ஹரியானா மாநிலம், வெடுக்கென்று பிடுங்கும் பறிப்புக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே ஐந்தாண்டு என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் திருத்தம் போட்டிருந்தது. புதிய சட்டம் வந்த நள்ளிரவில் அது அதிகபட்சம் மூன்றாண்டாகச் சுருங்கியது. ஆண்டுக் கணக்குத்தான் பறிப்பவனைத் தடுத்து நிறுத்தியது என்றால், அன்று ராத்திரி அவன் பட்டாசு வெடித்திருக்க வேண்டுமே!

கடுமையான சட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். பிறந்த சாதியையே குற்றத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது அது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கும் பொழுது சாய்ந்தால் பயம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உள்படப் பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அது ஒழிய 1947 ஆனது. அதையும் திருட்டு ஒழியும் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். கார் பறிபோனவர் காப்பீட்டுப் பணத்துக்கு அலையும்போது, முதல் தகவல் அறிக்கையோடு இன்னொரு தாளும் கேட்பார்கள்: வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று காவல்துறை தரும் சான்று. பிடிக்க முடியாததற்கு முத்திரை குத்திய தாள் கொடுக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, தண்டனை பத்தா பதினான்கா என்று விவாதிக்கிறோம். தண்டனை பிடிபட்டவனுக்கல்லவா?

அந்தத் தாளாவது கார்க்காரருக்குக் காசாகும். பழைய டிவிஎஸ் எக்ஸெல்லில் கரண்டியும் ரசமட்டமும் வைத்துச் சித்தாளையும் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போகிற கொத்தனாருக்கு? அவர் கட்டியிருப்பது பெரும்பாலும் மூன்றாம் நபர் காப்பீடு. அதில் திருட்டுக்குச் சல்லிக்காசு கிடையாது. வண்டியின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், முதல்முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமூக சேவையோடு போகலாம். அதை நான் குறை சொல்லவில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் கொத்தனாரின் ஒரு வாரக் கூலி போனதை அந்த ஏற்பாடு எண்ணவில்லை. அவருக்காகத் தனிச் சட்டம் வேண்டும் என்று எந்த டீக்கடையிலும் குரல் வரவில்லை.

ஆகவே மேசையைத் தட்டுகிறவர்களுக்கு ஒரு வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். போன ஆண்டு நம் காவல் நிலையத்தில் எத்தனை வண்டி காணோம் என்று புகார் வந்தது, எத்தனை திரும்பக் கிடைத்தது, அதில் கார் எத்தனை, டிவிஎஸ் எத்தனை என்று நாலு வரி எழுதிப் போடுங்கள். கையை வெட்டுவதைப் பற்றிப் பதில் வந்த பிறகு பேசலாம்.