ஆற்றுக்கு என்ன விலை?

உயிர் வாழ வைரம் வேண்டாம், தண்ணீர் வேண்டும். ஆனாலும் வைரம்தான் விலை அதிகம். ஏன் என்று 1776-ல் ஆடம் ஸ்மித் யோசித்தார். பயனும் விலையும் வேறு வேறு என்றார்.

பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று ஒரு பாடம் உண்டு. கடையில் விற்காத ஆறு, ஏரி, காடுக்கெல்லாம் விலை போடுகிற வித்தை. 'ஆத்துக்கு விலையா, அநியாயம்!' என்று கோபப்படாதீர்கள். 1989-ல் எக்ஸான் வால்டிஸ் கப்பல் அலாஸ்கா கடலில் எண்ணெயைக் கொட்டியது. அந்தப் பக்கமே போயிராதவர்களையும் சேர்த்து, 'இனி இப்படி நடக்காமல் தடுக்க எவ்வளவு தருவீர்கள்?' என்று கேட்டார்கள். கூட்டினால் 280 கோடி டாலர்! கேட்காமல் விட்டிருந்தால் கணக்கில் பூஜ்யம். பூஜ்யமும் ஒரு விலைதான். இருப்பதிலேயே அநியாயமான விலை.

ஆனால் ஒரு சிக்கல். 'ஏரியைக் காப்பாத்த எவ்வளவு தருவே?' என்றால் ஏழை பத்து ரூபாய் சொல்வான். ஏரி மேல் பிரியம் குறைவா என்ன? ஜேபியில் அவ்வளவுதான். 'ஏரியை விட்டுக்கொடுக்க எவ்வளவு வேணும்?' என்று திருப்பிக் கேளுங்கள். தொகை பல மடங்கு ஏறும். சிலர், 'விக்கிறதுக்கில்லைய்யா' என்று எழுந்து போய்விடுவார்கள். இதை 'எதிர்ப்பு விடை' என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவது ஆய்வாளர் வழக்கம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நாம். ஆற்றையே அளப்பதிலும் தப்பில்லை. ஆனால், எந்தக் கேள்வியைக் கேட்பது என்பது, ஏரி யாருடையது என்பதைப் பொறுத்தது. அதை முதலில் தீர்த்துக்கொண்டு அப்புறம் கால்குலேட்டரை எடுக்கலாம்.